சுவரைப் பார்த்த ராட்டை

ஒரு ராட்டை சுவரைப் பார்த்து நிற்கிறது. பழைய நாளை நினைத்தால் மனசு முதலில் அங்கேதான் போய் நிற்கும். முதலாளி வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட நீளமான கொட்டகை. பெண்பிள்ளைகள் நாங்கள் அதில் வரிசையாக உட்கார்ந்து, சிட்டம் என்கிற பட்டு நூல் கட்டைப் பிரித்து மாட்டி, ராட்டையைச் சுற்றித் தறிக்குப் போகும் தார்க்குச்சிகளில் நூலை ஏற்றுவோம். அந்தக் கொட்டகையில் ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்துவதென்றால் வாயால் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்குப் போகிற பட்டு இருக்கிற இடத்தில் ‘வராதே’ என்ற சொல் விழக்கூடாதாம். அதனால் வேலை போனவளுடைய ராட்டையை முந்தின சாயங்காலமே சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார்கள். காலையில் வந்தவள் அதைப் பார்ப்பாள். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைக்காமலேயே திரும்பிப் போய்விடுவாள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

திருப்பி வைப்பவர் மேஸ்திரியம்மா. எங்களை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். ஒடிசலான, உயரமான அம்மாள். மூக்கில் வெள்ளைக்கல் பேசரி. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. வேலை கேட்டு வருகிற பெண்ணை எதிரே உட்காரவைத்து, உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, ஒற்றைப் பட்டிழையை அதன்மேல் மெதுவாக இழுப்பார். சாணி தட்டின கை, உலக்கை பிடித்த கை எல்லாம் அந்த இழை சிக்குவதிலேயே தெரிந்துவிடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள். ஆள் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டேன். என் கை சொரசொரப்பாக இல்லை, ஆனால் பயந்தால் வேர்த்துவிடும். அன்றைக்கு இழை என் கையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்ற அம்மா, “பயந்த பொண்ணும்மா, வேற ஒன்னும் இல்ல” என்றாள். மேஸ்திரியம்மா என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். “பயந்தவ கை நூல இழுக்காது. மடியில ஒரு துணி வெச்சுக்கோ, தொடச்சுக்கினே சுத்து. நாளைக்கு வா” என்றார். அப்படித்தான் நான் சேர்ந்தேன்.

எத்தனை பேரை எடுப்பது, எத்தனை பேரை நிறுத்துவது என்பதை அவர் முதலாளியிடம் கேட்டு முடிவு செய்ததாகத் தெரியவில்லை. கீரைக்காரியிடம்தான் கேட்பார். தென்னேரிப் பக்கத்திலிருந்து தலைச்சுமையாகக் கீரை கொண்டுவருகிறவள் அவள். ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், கூடையை இறக்குவதற்கு முன்னால் மேஸ்திரியம்மா கேட்பார்: “ஏரில தண்ணி எதுவரைக்கும் நிக்குது?” ஏரி நிறைந்தால் நெல் வீடு வரும். நெல் வந்தால் அந்த ஊர்களில் தையிலும் மாசியிலும் கல்யாணம் நடக்கும். கல்யாணம் நடந்தால் கூறைப்புடவை வேண்டும், புடவைக்குத் தறி ஓட வேண்டும், தறிக்கு எங்கள் தார் வேண்டும். மதகு வரைக்கும் தண்ணீர் என்று கீரைக்காரி சொன்ன வருஷங்களில், ஊரில் மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரியம்மா திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் நடந்துபோய்ப் புதுப் பெண்களைச் சேர்த்துவிடுவார். அவர் கணக்குத் தப்பியதாக நான் கேட்டதில்லை. அதனால்தான் எங்களுக்கு அவர்மேல் அவ்வளவு பயம். தப்பாகச் சொல்கிறவராக இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருக்கலாம் அல்லவா?

எனக்கு மற்றவர்களைவிடப் பயம் அதிகம். அப்பா இல்லை. அம்மா நெல் குத்தப் போவாள். வேலை இல்லையென்றால் என்னை மெட்ராஸில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்ய அனுப்புவதாகப் பேச்சு. ஒரு தரகர் இரண்டொரு தரம் வந்து, வாசலில் நின்றபடியே என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் தெருவிலிருந்து அவர் முன்னே கூட்டிப்போன பெண் ஒருத்தி, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டால் பேசமாட்டாள். அடுப்பு மூலையிலேயே உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்த்தபின் நான் கொட்டகைக்கு நடந்துபோன ஒவ்வொரு காலையும் என் ராட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஒன்றுதான் யோசனை.

அந்த வருஷம் ஐப்பசி வெயிலிலேயே போனது. கார்த்திகைத் தீபத்துக்கும் மண் நனையவில்லை. கீரைக்காரி கொண்டுவந்த கட்டுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. மார்கழி தொடக்கத்தில் ஒரு நாள் மேஸ்திரியம்மா வழக்கம்போலக் கேட்டார். கீரைக்காரி கூடையை இறக்கிவைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏரிய ஏம்மா கேக்கற? உள்ள மாடு மேஞ்சிக்கினு இருக்குது” என்றாள். எல்லா ராட்டைகளும் ஒரே நேரத்தில் நின்றன. பக்கத்து ராட்டைக்காரி வாய்த்துடுக்கு உள்ளவள். என் காதருகே, “நாம எல்லாம் போயி கரைல குந்திக்கினு அழுதா ரொம்பிடும்டி. நீ ஒருத்தியே பாதி ஏரி ரொப்புவ” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் அப்புறம் சிரிக்கவில்லை. மேஸ்திரியம்மா கீரையை வாங்காமலே உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து ராட்டைகள் திரும்ப ஆரம்பித்தன. ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் இரண்டு, சில நாள் எதுவும் இல்லை. எதுவும் இல்லாத நாள்தான் இன்னும் கஷ்டம். அடுத்தது நம்முடையதோ என்று சாயங்காலம் எழுந்து போகும்போது ராட்டையைத் தொட்டுவிட்டுப் போவேன், அது என்னவோ கேட்டு நடக்கிற மாதிரி. பக்கத்து ராட்டைக்காரியுடையதும் திரும்பியது. வாசல்படியிலேயே அதைப் பார்த்துவிட்டு, “சரிடி, நீ இருக்கிற. எனக்கும் சேத்துச் சுத்து” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். மேஸ்திரியம்மா ராட்டையை இழுத்துத் திருப்பமாட்டார். இரண்டு கையாலும் தூக்கித் திருப்பி, மெதுவாக வைப்பார். சாணம் மெழுகின தரையில் ஒரு கீறல் இருக்காது. வேலை போனவளுக்கு அவர் செய்த மரியாதை அது ஒன்றுதான் என்று பிறகு நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காலை பனி விலகவில்லை. கோயிலில் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. நான்தான் முதலில் வந்தவள். படியேறும்போது உள்ளே ஒரு ராட்டை திரும்பி நிற்பது இருட்டில் தெரிந்தது. படியிலேயே நின்றுவிட்டேன். கண் பழகியதும் என்னுடையது நேராக இருப்பதைப் பார்த்தேன். மூச்சு வந்தது. அப்புறம்தான் சன்னலோரத்தைப் பார்த்தேன். சன்னலோரத்தில் இருப்பது மேஸ்திரியம்மாவுடைய ராட்டை. மெல்லிய நூல் வந்தால் யாரிடமும் கொடுக்காமல் அவரே சுற்றுவார். அது சுவரைப் பார்த்து நின்றது. அதன் காலுக்குக் கீழே தரையில் நீளமாக ஒரு கீறல், சாண மெழுக்குப் பெயர்ந்து மண் தெரிந்தது. யாரோ இழுத்துத் திருப்பியிருக்கிறார்கள். அவர் கை பட்ட வேலை இல்லை அது.

நான் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னால் அவர் வந்துவிட்டார். கையில் தூக்கு. எனக்குச் சொல்லவும் தெரியவில்லை, மறைத்துக்கொண்டு நிற்கவும் தெரியவில்லை. அவர் பார்த்தார். ஏரியின் தண்ணீரை வைத்துத் தை மாசம்வரைக்கும் சொல்லத் தெரிந்த அம்மாள், இதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். முதலில் வலது கையை, பிறகு தூக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு இடது கையை, முந்தானையில் அழுத்தித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அந்தத் துடைப்பு எனக்குத் தெரியும். வேர்க்கிற கையை அப்படித்தான் துடைப்பார்கள். அவருக்கும் பயம் என்று ஒன்று உண்டு என்பது அந்த நிமிஷம்வரை என் புத்தியில் வந்ததே இல்லை. என்னைப் பார்த்து, “நீ போய்க் குந்து. அரை சிட்டம் அப்பிடியே மாட்டி இருக்குது, தூசு படியப்போவுது” என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

முதலாளி வீட்டில் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஆள் சேர்க்கவே வேண்டாத வருஷத்தில் சேர்க்கிறவர் எதற்கு என்று நினைத்திருக்கலாம். என் வேலை நிலைத்தது, மெட்ராஸுக்குப் போகவில்லை. ஆனால் அன்றோடு பயம் போயிற்று என்று சொன்னால் பொய். முன்னே ஒருவருக்குத்தான் பயந்தேன். அதன்பிறகு யாருக்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை. அடுத்த மழைக்கு ஏரி நிறைந்தது. கீரைக்காரி தானாகவே வந்து சொன்னாள், கேட்கத்தான் ஆள் இல்லை. மேஸ்திரியம்மா செவிலிமேட்டுப் பக்கம் ஒரு வீட்டில் கூலிக்கு நூல் சுற்றுவதாகக் கேள்விப்பட்டேன். அந்த வீட்டில் யார் முன்னால் அவர் கையை விரித்து உட்கார்ந்திருப்பார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

என் மருமகள் ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டரில் பார்த்தே அடுத்த வருஷம் எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லிவிடுவாளாம். போன மாதம் சாப்பிடும்போது, “ஆள் எடுக்கறத நிறுத்திட்டாங்க அத்தே. இருக்கறவங்கள கொறைக்கச் சொல்றாங்க. ஒவ்வொருத்தருக்கா நான்தான் போன் பண்ணிச் சொல்லணும்” என்றாள். எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன், இப்போது அவள் யாரையும் கூப்பிடுவதில்லை. நேற்றுச் சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “காபி கலக்கட்டுமாம்மா?” என்றேன். “ஒன்னும் வேணாம் அத்தே” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

நான் காபி கலக்கப் போகவில்லை. என் மடித்துண்டை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கவிழ்ந்து கிடந்த போன் மேசையில் அதிர ஆரம்பித்தது. அது நிற்கிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.