பூஞ்சணம் பிடித்த பாண்

அவர் இறந்த செய்தி கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர், "கிட்னியிலயோ பிரச்சினை?" என்று கேட்டார்கள். இல்லை, இதயம். இருபத்திரண்டு வருடம் பன்றிகளின் சிறுநீரகங்களைக் கையில் வைத்திருந்தவருக்கு அதுதான் வரும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்போல. பதில் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

என் கணவர் குலேந்திரன், நோர்வேயில் லோறென்ஸ்கூக்கிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து காலை நான்கரைக்குக் காரில் புறப்படுவார். ஒரு மணிநேரத் தூரத்தில் பன்றி வெட்டும் தொழிற்சாலை. கொக்கியில் தொங்கியபடி வரும் ஒவ்வொரு பன்றியிலிருந்தும் சிறுநீரகங்களை எடுத்து, மேல் சவ்வை உரித்து, மிருக வைத்தியர் பார்க்கும்படி வைப்பது அவர் வேலை. கெட்டதென்றால் தொட்டியில் எறிவார். ஊரிலுள்ள சொந்தக்காரருக்கு 'இறைச்சிக் கொம்பனி' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தோம். முன்பு அங்கே அவரோடு வேலை செய்த றஜீவ் கோயிலில் கண்டால் விடமாட்டான்.

"அண்ணை, ரெண்டு தரம் தோய்ஞ்சனீங்களோ? பிள்ளையார் மூக்கைப் பொத்துறார்."

"அவற்ற மூக்கு நீளமடாப்பா, ஒரு கையால பொத்தேலாது" என்பார் இவர்.

ஏழு வருடத்துக்கு முன், ஒரு பெப்ரவரி. ஒரே பண்ணையின் இலக்கம் குத்திய பன்றிகளில் சிறுநீரகங்கள் வெளிறி, வீங்கி, மேலெல்லாம் சாம்பல் புள்ளியாக வந்தன. அப்படி ஒன்றிரண்டு எப்போதும் வரும். ஆனால் மூன்று கிழமையாக அந்த இலக்கத்திலேயே வருகிறது என்று கண்டவர் இவர்தான். வைத்தியர்கள் முறை மாறி மாறி நிற்பார்கள். இவர் ஒரே இடத்தில் நிற்பவர்.

ஊரில் விவசாயம் இரண்டு வருடம் படித்து, பாதியில் விட்டு வந்தவர். ஈரத்தோடு அடைத்த தானியத்தில் பூஞ்சணம் பிடித்தால் அதன் நஞ்சு பன்றியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது அவருக்கு நினைவிருந்தது. முந்தைய அறுவடைக்காலம் முழுக்க மழை வேறு.

நோர்வேஜிய மொழியில் பூஞ்சணத்துக்கு 'முக்'. இரத்தம் குடிக்கிற நுளம்புக்கு 'மிக்'. அவர்கள் உதட்டைக் குவிக்கிற மாதிரி எங்களுக்குக் குவியாது. இவர் வைத்தியர் இங்குனிடம் போய், தீனியில் நுளம்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பனிக்காலத்தில் நுளம்பா என்று வேலையாட்கள் எல்லோரும் சிரித்தார்கள். திரும்பச் சொன்னார். திரும்பவும் நுளம்புதான் வந்தது. அடுத்த நாளிலிருந்து அங்கே அவருக்குப் பெயரே நுளம்பு.

"எழுதிக் காட்டியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"சிரிச்ச ஆக்களுக்கு முன்னால கடதாசி நீட்டவோ?"

"உங்களுக்கேன் இந்தக் கரைச்சல்? பண்டி எப்பிடியும் சாகிறதுதானே."

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "சாகிறது வேற, கமலா. அந்தப் பண்ணையில இன்னும் அறுநூறு நிக்குது. தண்ணி தண்ணியெண்டு குடிச்சு, மூத்திரமாப் போய்க்கொண்டு நிக்கும். இப்ப நிப்பாட்டினா சின்னதுகளாவது தப்பும்."

மறுநாள் காலை, எறிவதற்கு நான் எடுத்துவைத்த பாண் துண்டைக் காணவில்லை. பச்சையும் நீலமுமாகப் பூஞ்சணம் பிடித்த பாண். அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, விசரே உங்களுக்கு?"

"சாப்பிடுறதுக்கில்லை. கதைக்கிறதுக்கு."

உணவறையில் இங்குனுக்கு முன்னால் பெட்டியைத் திறந்து, பாணைக் காட்டி, "தீனியில் இது" என்றாராம். இங்குன் சிரிக்கவில்லை. கோப்பியை வைத்துவிட்டு, "முக்" என்றார். எழுந்து போய்ப் பண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். ஓம், பன்றிகள் கண்டபடி தண்ணீர் குடிக்கின்றன, கொட்டிலில் சூடு கூடிவிட்டதென்று நினைத்தேன் என்று பண்ணைக்காரர் சொன்னாராம். பார்லி ஆய்வுக்குப் போனது. நஞ்சு இருந்தது. தீனியை மாற்றினார்கள்.

வளர்ந்தவற்றுக்குப் பயனில்லை. வடுப்பட்ட சிறுநீரகம் பழையபடி ஆகாது. அந்த இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து எறிந்துகொண்டே இருந்தார். வீட்டில் அதுபற்றிக் கதைப்பதையும் விட்டுவிட்டார். ஜூலையில் ஒரு பின்னேரம் வந்து கதிரையில் இருந்தார்.

"இண்டைக்கு அந்தப் பண்ணையில சின்னதா நிண்டதுகள் வந்தது."

"என்ன மாதிரி?"

"நல்ல மண்ணிறம். வழுவழுப்பு."

அவ்வளவுதான். சப்பாத்தைக் கழற்றாமலே நித்திரையாகிவிட்டார்.

செத்த வீட்டுக்கு வேலையிடத்திலிருந்து மலர்வளையம் வந்தது. நாடாவில், 'நன்றி, நுளம்பு' என்று அவர்கள் மொழியில் இருந்தது. மகள் அபிஷாவின் முகம் சிவந்துவிட்டது.

"இஞ்சையும் பகிடியோ அம்மா? கழட்டட்டே?"

"விடு பிள்ளை. அவர் சொன்னது அதைத்தானே."

ஓய்வுபெற்றிருந்த இங்குனும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னார். பூஞ்சணத்தைச் சொன்னாரா, நுளம்பைச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாகியும் என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓம் என்று தலையாட்டினேன்.