எத்தினி வருசம் தாங்கும்?

திருவொற்றியூரில் நான் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு எண்ணூரிலிருந்து ஒருவர் வருவார். பேர் கேட்டதில்லை. வெளுத்துப்போன நீலச் சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். எந்தச் சாமானைக் காட்டினாலும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "இது எத்தினி வருசம் தாங்கும் நைனா?" எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட வரும்.

மலிவானதைத் தொடமாட்டார். கனமான பவர் சப்ளை, பிற்பாடு ராம் கூட்ட இடமுள்ள மதர்போர்டு என்று பொறுக்கிப் பொறுக்கி வாங்கி, வீட்டில் கம்ப்யூட்டரைத் தானே சேர்த்துப் பூட்டினார். பள்ளிக்கூடம் போகும் மகளுக்காம். பத்து வருடமாவது ஓட வேண்டுமாம். உங்கள் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல் உள்ளே போனால் எதுவும் ஓடாது என்று சொல்லி, பெட்டி காற்று இழுக்கும் இடத்தில் மாட்ட வெள்ளை வலைத்துணி ஒன்று கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அதைக் கழற்றி எடுத்து வந்தார். சிமெண்டு பூசியதுபோல் சாம்பல் அப்பிக் கிடந்தது.

"பாத்தீங்களா, பொட்டி தப்பிச்சிருச்சு," என்றேன் பெருமையாக.

அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டிக்கு வலை கீது நைனா. என் பொண்ணு பொறந்ததுலருந்து அதே ரூம்லதான் தூங்குது."

புதுத் துணி ஒன்றை எடுத்து நீட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். எத்தனை வருடம் தாங்கும் என்று அன்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை. கேட்டிருந்தால் அது துணியைப் பற்றிய கேள்வியாக இருந்திருக்காது.