மூலை வெண்டைக்காய்

எங்கள் மாடியில் குடியிருக்கும் ரூத் யூதப் பெண். செம்மண்டலத்தில் வீட்டுக்குப் பின்னால், உரக்கடைப் பக்கமே போகாமல், நானும் அவளும் வெண்டை போட்டிருக்கிறோம்.

தோட்டத்தில் ஒரு மூலையைப் பறிக்காமல், தேவைப்பட்டவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்ள விடுவது அவர்கள் மத வழக்கம். அக்கம்பக்கத்தாருக்கென்று நாங்களும் விட்டோம்.

இன்று காலை பக்கத்து வீட்டு செல்வி அக்கா அந்த மூலையை மொத்தமாகப் பறித்து, கூடையோடு எங்களிடமே கொண்டுவந்தார்.

"மறந்து வுட்டுட்டீங்கம்மா. முத்திடப் போவுதேன்னு பறிச்சிட்டு வந்தேன்."

"அது உங்களுக்குத்தான் அக்கா," என்றாள் ரூத்.

"கேக்காம எப்படி எடுக்கறது?"

"உங்கள கேக்க வெச்சாதான் எங்களுக்குத் தப்பு."

அக்கா கூடையோடு திரும்பிப் போனார்.

மதியம் வெண்டைக்காய் மோர்க்குழம்பு வந்தது. நாங்கள் கேட்கவேயில்லை.

அடுத்த மூலை கத்தரி. செம்மண்டலத்து நண்பர்கள் தாராளமாகப் பறிக்கலாம். கேட்டுவிட்டுப் பறிக்க வருகிறவர்களுக்கு மட்டும் கிடையாது.