பொம்மைக் கார் என்று சிரித்தவர்கள்

வங்கியில் வேலை பார்க்கும் என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அமெரிக்கக் கார் பந்தயம்தான். அதுவும் இண்டியானாபோலிஸில் நடந்த பழைய பந்தயங்கள். செம்பூர் திலக் நகரில், எங்கள் இரண்டு அறை வீட்டில், கறுப்பு வெள்ளை வீடியோவின் இரைச்சலில்தான் நான் இட்லி மாவு அரைப்பேன்.

அவருக்குப் பிடித்தவை எஞ்சின் முன்னால் இருந்த நீளமான கார்கள். எஞ்சினுக்குப் பின்னால் டிரைவர் சிம்மாசனத்தில் அமர்ந்தவர்போல் உயரமாகத் தெரிவார். பிறகு ஒரு வருடம், டிரைவரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் வைத்த குட்டிக் கார் ஒன்று கடல் கடந்து வந்தது. பொம்மை என்று சிரித்தார்களாம். அது ஜெயிக்கவில்லை. ஆனால் திருப்பங்களில் பெரிய கார்களுக்கு ஈடுகொடுத்தது. சில வருடங்களுக்குள் எல்லோரும் எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். மாறாதவர் என் கணவர் மட்டும்தான்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், என் ஸ்கூட்டரைச் சரிசெய்து கொண்டுவந்து கொடுத்த மெக்கானிக் பாயிடம் இதையெல்லாம் விளக்கினார். பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் ஆட்டோ ரிக்‌ஷா ரிப்பேர் செய்யும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்.

"என்ன சார் பெரிய அதிசயம் மாதிரி சொல்லுதிய? நம்ம ரிக்‌ஷாவுக்கு எஞ்சின் எங்க இருக்கு? பின்னாடிதான?" என்றார் பாய்.

"ரிக்‌ஷாவும் ரேஸ் காரும் ஒண்ணா பாய்?" கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஒண்ணுன்னு சொல்லல. எஞ்சின் முன்னாடி இருந்தா, பின் சக்கரத்துக்குப் போற ஷாப்டு கம்பி டிரைவர் பக்கமா போவணும். வண்டி பெருசாவும். முதுகுக்குப் பின்னாடி வச்சா அது வேண்டாம். ஆளு கீழ சாஞ்சு உக்காரலாம். பாரமும் நடுவுல நிக்கும், சட்டுனு திரும்பும்."

என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாய் அவரைக் கீழே அழைத்துப்போனார். நானும் பின்னாலேயே இறங்கினேன். எங்கள் கட்டடத்தில் சாமான் ஏற்ற ஒரு தள்ளுவண்டி உண்டு. அதன் முன்முனையில் இரண்டு தண்ணீர் கேன்களை வைத்து, "ஓடிப்போயி திருப்புங்க சார்" என்றார்.

கணவர் ஓடினார். திருப்பினார். வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் குடியிருப்போர் சொசைட்டி செக்ரட்டரியின் செம்பருத்தித் தொட்டியை உடைத்தது. ஜன்னலிலிருந்து செக்ரட்டரி மராத்தியில் ஏதோ கேட்டார். நான் எங்கோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன்.

கேன்களை நடுவில் வைத்து மறுபடி தள்ளச் சொன்னார் பாய். இம்முறை வண்டி சொன்னபடி வளைந்தது. கணவர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "தரை ஈரமா இருந்தது" என்றார்.

"ரெண்டு தடவையும் அதே தரைதான்" என்றேன்.

புதுத்தொட்டி வாங்கிவரும்போது அவராகவே சொன்னார்: "அந்த இண்டியானாபோலிஸ் மெக்கானிக்குகளுக்கும் முதல் வருஷமே புரிஞ்சிருக்கும். ஆனா இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் செஞ்ச வண்டிய, போதும்னு எப்படி ஓரமா வைக்கறது?"

கேலி செய்ய வாயெடுத்தவள், அவர் கையிலிருந்து தொட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் விரும்பியது வேகத்தை அல்ல, அந்த வண்டிகளைச் செய்த மனிதர்களை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பாய்க்கு இப்போது பந்தயப் பைத்தியம் பிடித்துவிட்டது. அந்தக் குட்டிக் காரின் டயர் ஏன் குறைவாகத் தேய்ந்தது, பெட்ரோல் டாங்கை எங்கே வைத்தார்கள் என்று போனில் கேட்கிறார். பதில் தெரியாத என் கணவர், வங்கியிலிருந்து வந்ததும் படிக்க உட்கார்ந்துவிடுகிறார்.