அம்மா பிரேக் மிதித்த ஞாயிறு

எங்கள் அப்பாவுக்கு லாரி வேலை தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் முதலில் சொன்னது நான்தான். கீழ்வேளூர்ப் பக்கம் அறுவடை நேரத்தில் யாருடைய வண்டி நின்றுபோனாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவரைப் பற்றி நான் இந்தப் பேச்சைக் கிளப்பியதற்கு, மூன்றாம் வகுப்பில் படித்தபோது கண்ணால் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் காரணம்.

எங்களிடம் இருந்தது பழைய லாரி. தை, மாசியில் நெல் மூட்டை ஏற்றும். அது முடிந்தால் வைக்கோல். அதை விற்று விசா எடுத்து வெளிநாடு போவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். மாமா அப்படிப் போய்த்தான் மாடி வீடு கட்டினார். அவர் முதல் முறை திரும்பி வந்தபோது, பெற்ற மகனே அவரைக் கண்டு பயந்து என் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். அம்மா அதை மறக்கவில்லை. ஆனாலும் அப்பா கேட்டபோது, "உங்க இஷ்டங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

வண்டியை விலை பேசியவர் முத்துப்பேட்டைக்காரர். ஞாயிறு மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். சொல்லிவைத்தாற்போல் இரண்டு நாள் முன்னால் பிரேக் பெடல் தளர்ந்து, மிதித்தால் அடிவரைக்கும் போனது. பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்றார் அப்பா. திருவாரூரில் புதிது வாங்கிவந்து வாசலிலேயே ஒற்றை ஆளாக மாற்றியும்விட்டார். மிச்சமிருந்தது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அதுவரை அந்த லாரியில் ஏறியே இராத அம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். நான் வண்டிக்கடியில், படுத்திருந்த அப்பாவுக்குப் பக்கத்தில். சக்கரத்தருகே அவர் மாட்டிய, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாயின் முனையில் காலித் தண்ணீர் பாட்டிலைப் பிடிப்பது என் உத்தியோகம்.

"மிதிச்சுப் பிடி. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத."

"சரிங்க."

குழாய் மாட்டியிருந்த சின்னத் திருகை அப்பா திறந்தார். குழாயில் ஆயில் குமிழ் விட்டுக்கொண்டு இறங்கியது. அவர் மூடுவதற்குள் சட்டென்று நின்று, வந்த வழியே மேலே ஏறிவிட்டது. எனக்கு ஒரே குஷி.

"அப்பா, ஆயில் திரும்பிப் போவுது!"

அப்பா குழாயைப் பார்த்தார். ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, அம்மா உட்கார்ந்திருந்த பக்கமாகக் கண்ணை உயர்த்தினார். பிறகு, "இன்னொரு தடவை மிதி" என்றார்.

மறுபடியும் அதேதான். பத்துத் தடவையாவது இருக்கும். ஸ்பேனரை மாற்றி எடுத்துக் கொடுத்தாலே எரிந்து விழுகிறவர் அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. போகப் போக அவர் குரல் மெத்தென்று ஆனது. வேலை தெரியாத அசடு வழிகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மதியம் முத்துப்பேட்டைக்காரர் வந்து மிதித்துப் பார்த்தார். பெடல் பொதுக்கென்று அடிக்குப் போனது.

"என்னங்க, புதுசு போட்டும் இப்படி இருக்கு?"

"காத்து நிக்குதுங்க. எனக்குக் கைவரல."

அவர் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார். எனக்கு அழுகையாக வந்தது. அம்மா அன்று மீன் குழம்பு வைத்தாள்.

மறுநாள் காலை அப்பா வண்டிக்கடியில் போனார். "வா, மிதி" என்று அம்மாவைக் கூப்பிட்டார். சக்கரத்துக்கு நாலே நாலு மிதி. பெடல் கல்லாக நின்றது. பத்து மணிக்கெல்லாம் லாரி மூட்டை ஏற்றக் கிளம்பிவிட்டது. விசாப் பேச்சு அதன்பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை. ராத்திரி ஓய்வெடுத்ததில் சிலிண்டர் தானாகக் குணமாகிவிட்டது என்று நான் சிநேகிதிகளுக்கு விளக்கினேன்.

போன வருடம் தஞ்சாவூரில் எங்கள் பழைய காருக்கு இதே வேலையை நானே பார்த்தேன். மேலே மிதித்துக்கொண்டிருந்த என் கணவர், போன் அடித்ததும் காலை எடுத்துவிட்டார். என் கண்முன்னே ஆயில் குழாயில் திரும்பி ஏறியது. திருகை மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். நாள் முழுக்க மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. இது அப்பாவுக்கு முதல் மிதியிலேயே தெரிந்திருக்கும். ஓர் அதட்டல் போட்டிருந்தால் அரைமணியில் வேலை முடிந்து, மதியமே வண்டி விலைபோயிருக்கும். வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அம்மா மேலே உட்கார்ந்து காலால் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே படுத்திருந்தவர் அதை இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நடுவில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத்தான், நம் அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.