பெரணியை எடுத்த கை

ஒரு பெரணித் தழை, அதன் காம்பின் மேல் ஒரு கல். கீழ் கோத்தகிரிச் சரிவில் நான் வேலை பார்த்த விடுதியின் பின்புறம், தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்தில், சில காலைகளில் பாதையின் குறுக்கே அது கிடக்கும். கிடந்தால் அன்றைக்கு யாரும் உள்ளே போகக் கூடாது. அதை வைப்பவர் எங்கள் வாட்சர் அண்ணன். எஸ்டேட்டில் காவல் பார்த்துவிட்டு, விருந்தினர்களைக் காட்டுக்குள் நடத்திச் செல்பவராக எங்களிடம் வந்தவர். விடிந்ததும் தனியாக ஒரு சுற்றுப் போவார். சாணத்தின் சூடு, மிதிபட்ட புல், மூக்குக்கு எட்டும் வாடை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். கொழுந்து பறிக்கும் பெண்களும் அந்தத் தழையைக் கண்டால் கூடையோடு வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். "இன்னைக்கு வழி இல்லைங்க" என்பதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாது. விருந்தினர்களும் சரி என்று டீயைக் குடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் வந்தது பாழாய்ப்போன போட்டி. எதிர்மலையில் புதிதாக ஒரு விடுதி திறந்தார்கள். அங்கே போனில் ஒரு செயலியில் தேதியைத் தொட்டால் போதும், காட்டு நடைக்கு இடம் உறுதி. பறக்கும் கேமராவில் எடுத்த படங்கள் வேறு. மழையோ மிருகமோ, அவர்கள் நடையை நிறுத்தியதே இல்லை. எங்கள் அறைகள் காலியாகக் கிடந்தன. மூடிவிடலாமா என்று முதலாளி பேச ஆரம்பித்தார். மூடினால் சமையல்கட்டுப் பெண்கள், அண்ணன், நான் எல்லோரும் நடுத்தெருவில்தான். முன்பதிவு மேசையில் இருந்தவள் நான். படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. "நாமும் ஆன்லைனில் போவோம் சார், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய் கிழியப் பேசி, அதே செயலியில் எங்கள் நடையையும் ஏற்றினேன்.

செயலி முதல் நாள் மாலையே 'உறுதி' என்று விருந்தினருக்குச் செய்தி அனுப்பிவிடும். அண்ணன் காட்டைப் பார்ப்பதோ மறுநாள் காலையில். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு இரவு இருக்கிறது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. "காடு என்ன பஸ்ஸுங்களா மேடம், டைமுக்கு வர்றதுக்கு?" என்று கேட்டு அண்ணன் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். 'இன்று வழி இல்லை' என்று சொல்லச் செயலியில் ஒரு பொத்தான் கிடையாது, 'ரத்து' என்று ஒன்றுதான் உண்டு. அதை அழுத்தும்போதெல்லாம் பட்டியலில் எங்கள் பெயர் கீழே இறங்கும். காரணம் சொல்லாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆட்கள் எழுதிவிட்டுப் போவார்கள். மூன்று தடவை அப்படி ஆயிற்று. எதிர்மலைக்காரர்கள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

நான்காவது தடவை வந்தவர்கள் வீடியோ எடுத்துப் போடுகிற கூட்டம். பாதை முனையில் கேமராவை ஓடவிட்டபடி நின்றார்கள். எதிரே பெரணி கிடந்தது. நான் அண்ணனைத் தள்ளிக் கூப்பிட்டேன். "அண்ணா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும். இவங்க நல்லா எழுதினா தப்பிச்சோம்."

"ஒத்தைக் காட்டுமாடுங்க மேடம். இங்கதான் எங்கியோ நிக்குது."

"கொஞ்ச தூரம் போய்ட்டுத் திரும்பிடுங்கண்ணா. இல்லைன்னா அடுத்த மாசம் யாருக்குமே இங்க வேலை இல்லை."

சமையல்கட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "வெச்சவன் எடுக்க மாட்டேனுங்க" என்றார். அவ்வளவுதான். அப்படியானால் நான் எடுக்கிறேன் என்று குனிந்து, கல்லைத் தள்ளி, தழையைப் பிடுங்கி ஓரமாக விசிறினேன். அவர் முன்னால் நடந்தார். கூட்டம் பின்னால் போயிற்று. நான் மேசைக்குத் திரும்பி வந்து 'நடை தொடங்கியது' என்பதை அழுத்தினேன்.

இரண்டாவது வளைவில் காட்டுமாடு மேலிருந்து இறங்கியது. பின்னால் வந்த பெண்ணைத் திட்டின் மேல் தள்ளி ஏற்றிவிட்டு, தான் விலக நேரமில்லாமல் அண்ணன் அங்கேயே நின்றுவிட்டார்; அது அவரை முட்டித் தூக்கி எறிந்தது. வந்தவர்களில் ஒருவருக்கும் கீறல் இல்லை. அண்ணன் ஜீப்பிலேயே, கோத்தகிரி போய்ச் சேருமுன் இறந்துபோனார்.

அதோடு விடுதி ஒழிந்தது என்று நினைத்தேன். நடந்ததைக் கேளுங்கள். அந்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. அந்த இடம் இதுதானா என்று கேட்டுக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அறைகள் நிரம்பி வழிந்தன. எதிர்மலையை முந்திவிட்டோம்! இப்போது எங்கள் விடுதிப் பாதையில் மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருக்கிறார்கள், மிருகம் வந்தால் போன் கத்துமாம். தழை வைக்க ஆள் இல்லை. நான் வேலையை விட்டுவிட்டு குன்னூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசுக்கு வந்துவிட்டேன். விட்டதில் பெருமைப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

போன மாதம்தான் தைரியம் வந்து அண்ணன் மனைவியைப் பார்க்க எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போனேன். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினார். "வளைவு வர்றதுக்கு முன்னாடி நிறுத்திருவனுங்க" என்றார். "அவரு நடக்கறது இதுல மட்டுந்தானுங்க இருக்குது. தெனமும் பாப்பேன்."

தொடக்கத்தில் பாதை முனை. யாருடைய முகமும் வரவில்லை, ஒரு கை மட்டும் வந்தது. அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். டீ டம்ளரைப் பிடித்திருந்த என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், இந்த வளையல் உங்களுதுங்களா?"

"ஆமாங்கக்கா" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போனை என் பக்கம் திருப்பி வைத்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். பாதை. பெரணித் தழை. அதன் காம்பின் மேல் கல். குனியும் என் கை.