அம்பகரத்தூர் ரோட்டில் நாலு சுற்று

போன தை மாதம், பொங்கல் கழிந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணிக்குக் காரைக்காலில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பனி என்றால் அப்படியொரு பனி. எதிர்வீட்டு கேட்டே தெரியவில்லை. காரின் விளக்கு இரண்டும் பாலில் கரைத்த மஞ்சள் மாதிரி மங்கலாகத் தெரிந்தன. அம்பகரத்தூர் காளியம்மன் கோயிலுக்குப் போக அந்தக் காரைச் சொல்லியிருந்தவன் என் தம்பி மகன். முந்தின நாள்தான் பிரான்ஸிலிருந்து வந்து இறங்கியிருந்தான். அஞ்சு வருஷமாக நான் பேச்சு நிறுத்தி வைத்திருந்த பிள்ளை அவன்.

எங்கள் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்பார்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தம்பியும் அதே பட்டாளத்தில் சேர்ந்து அந்த நாட்டிலேயே தங்கிவிட்டான். நான் கல்யாணம் வேண்டாம் என்று இந்த வீட்டோடு இருந்துவிட்டேன். ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்று போச்சு. ஆனாலும் எதற்காகவும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

தம்பி மகனுக்குக் கார்ப் பந்தயம் ஓட்டுவதுதான் தொழில். பத்து வயதில் தரையோடு தரையாக இருக்கும் சின்ன வண்டியில் ஆரம்பித்தான். அப்புறம் நாம் ரோட்டில் பார்க்கிற மாதிரி கூரையும் கதவும் உள்ள கார்கள். முப்பது கார் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். சந்தைக்கூட்டத்தில் தோளால் தள்ளிக்கொண்டு போவது மாதிரி இருக்கும், பார்த்தால். அதில் பத்துப் பன்னிரண்டு வருஷம். கடைசியாக நீண்ட நேரப் பந்தயத்துக்கு மாறினான். ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சிலது ஒரு முழு நாள். ஒரே கார், மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும். "போன எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குடா இவ்ளோ வேகம்?" என்று நான் கேலி செய்வேன். சிரிப்பானே தவிர பதில் சொல்ல மாட்டான்.

அவன் மேல் எனக்கு என்ன கோபம் என்றால், ஒரு சங்கிலி. என் அம்மாவின் வளையலை அழித்து, அம்மன் டாலர் வைத்து, அவனுக்கென்று செய்து, அம்பகரத்தூரில் பூசையில் வைத்து எடுத்துக் கழுத்தில் போட்டு அனுப்பினேன். கழற்றவே கூடாது என்று சத்தியமும் வாங்கினேன். மறு வருஷம் எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் தன் போனில் அவன் பந்தயத்தைக் காட்டினாள். அவள் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், அதனால் போன் எப்போதும் கையோடுதான். பார்த்தால், வண்டியில் ஏறுகிறதுக்கு முன்னால் என் பிள்ளை அந்தச் சங்கிலியைக் கழற்றி யாரோ ஒரு தாடிக்காரர் கையில் கொடுக்கிறான். வெள்ளைக்காரர்கள் நடுவில் நம் ஆத்தாளைப் போட்டுக்கொள்ள வெட்கமா என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்றோடு அவன் போனை எடுக்கிறதை விட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டால் நான் இறங்கிப் போன மாதிரி ஆகிவிடுமே.

அவன் வருகிறதுக்கு மூன்று மாதம் முன்னால் பந்தயத்தில் பெரிய விபத்து, கார் தீப்பிடித்தது என்று தம்பி சொன்னான். பிள்ளையை ஊருக்கு அனுப்புகிறேன், முகம் கொடுத்துப் பேசு அக்கா என்றான். வந்தான். சோறு போட்டேன். "உப்பு போதுமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் பேச்சு.

அன்று காலை கார் கிளம்பும்போது மாடியிலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "ரேஸ் ஓட்டுற புள்ளைக்கு வாடகை டிரைவரா? நல்லாருக்கு பெரிம்மா!" என்றாள். எனக்கும் அது உறுத்தத்தான் செய்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தான். அந்த நாட்டில் ஸ்டியரிங் இருக்கிற பக்கமாம் அது. இங்கே அவன் முன்னால் ஒன்றும் இல்லை. வெறும் மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு வந்தான்.

டிரைவர் ஐம்பது வயதுக்காரர். முந்தின நாள் முழுக்க வேளாங்கண்ணி சவாரியாம், கண் சிவந்திருந்தது. திருநள்ளாறு தாண்டினதும் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. சம்பா அறுப்பு முடிந்த நேரம். காய வைத்த நெல்லைச் சுற்றிக் கல் அடுக்கியிருப்பார்கள், வண்டி ஏறிவிடாமல் இருக்க. பனிக்குள் ஒரு பெண் இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டிரைவர் தலை முன்னால் சாய்வதைப் பார்த்தேன். கார் சத்தமே இல்லாமல் அவள் பக்கம் நழுவியது. 

தம்பி மகனின் வலது கை நீண்டது. கத்தவில்லை. பிரேக் இல்லை. சட்டியிலிருந்து தெளிந்த மோரைச் சாய்த்து ஊற்றுகிற மாதிரி அத்தனை மெதுவாக ஸ்டியரிங்கைத் திருப்பினான். கல்லுக்கும் டயருக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்திருக்கும். அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி நெல்லைக் கிண்டினாள்.

"தூங்கலைங்க, சும்மா கண்ண மூடினேன்" என்றார் டிரைவர்.

நான் அவரைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கையைப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தது. காற்றில் வாழையிலை ஆடுகிற மாதிரி. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

கோயிலில் தரிசனம் முடித்துப் பிரகாரத்தில் உட்கார்ந்தோம். டிரைவரை, போய்ப் படுங்க என்று சொல்லிவிட்டோம். அவர் மண்டபத்தில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். நான்தான் ஆரம்பித்தேன். "அன்னைக்கு ஏண்டா கழட்டின?"

எது என்று அவன் கேட்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை எடுத்து வெளியில் விட்டான். போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பந்தயத்தில் உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாதாம். மோதிரம், கடிகாரம், எதுவும். வண்டி தீப்பிடித்தால் அது பழுக்கக் காய்ந்து சதையோடு ஒட்டிக்கொள்ளுமாம். ஏறுகிறதுக்கு முன்னால் சோதிப்பார்களாம். அதனால் ஒவ்வொரு தடவையும் கழற்றி, டயர் மாற்றுகிற அந்தத் தாடிக்காரப் பெரியவரிடம் கொடுப்பானாம். அவர் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொள்வாராம். இறங்கினதும் அவரே இவன் கழுத்தில் போட்டுவிடுவாராம்.

"காலர நீக்கு" என்றேன். நீக்கினான். கழுத்தில், சங்கிலி கிடக்கிற அதே வரியில், தீ பட்டுத் தோல் பொசுங்கி ஆறின தழும்பு. விரலால் தொட்டேன். மெழுகு மாதிரி இருந்தது. வண்டி தீப்பிடித்த அன்றைக்கு மட்டும் நான் வாங்கின சத்தியத்தை அவன் காப்பாற்றியிருந்தால்? அதுக்கு மேல் யோசிக்க முடியவில்லை. கையை எடுக்கவும் முடியவில்லை.

அவனே மெல்லச் சொன்னான், அப்பனிடம் கற்ற அந்த நிதானத் தமிழில். வருகிற பந்தயங்களுக்கு வண்டியில் இடம் வைத்திருக்கிறார்கள். வருகிறேன் என்றோ இல்லை என்றோ மாதக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும். ஆனால் விபத்துக்கு அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது. வீட்டுக் காரைக்கூடத் தொடவில்லை. இருபத்தஞ்சு வருஷத் தொழில். "வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது, அத்தை."

"வரும்போது புடிச்சியே?"

"அது நெனைக்காம புடிச்சது."

பேச்சை மாற்ற, மூன்று பேர் எப்படிடா ஒரு வண்டியை மாற்றிக்கொள்வீர்கள் என்று கேட்டேன். முகம் கொஞ்சம் மலர்ந்தது. வண்டி வந்து நிற்கும், ஓட்டினவன் குதித்து இறங்குவான், அடுத்தவன் ஏறுவான். ஆனால் இறங்கினவன் உடனே போய்விட மாட்டானாம். எவ்வளவு களைத்திருந்தாலும் குனிந்து, ஏறினவனுக்கு பெல்ட் மாட்டி இறுக்கிவிட்டு, தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் நகர்வானாம். போட்டியில் யார் யாரோடு சண்டை என்றாலும் இது மாறாதாம்.

திரும்பக் கிளம்பும் நேரம் வந்தது. டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி ஓட்டச் சொல்ல எனக்கு மனசில்லை. "பஸ்ஸுல போயிடலாம் அத்தை" என்றான் இவன். நான் மண்டபத்துக்குப் போய் டிரைவரைத் தொட்டுச் சாவியைக் கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே பையிலிருந்து சாவியை எடுத்து, "ஒரு மணி நேரம் மட்டும்மா" என்று கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

என் அர்ச்சனைத் தட்டில் நாலு எலுமிச்சம்பழம் இருந்தது. கோயிலுக்கு வந்த வண்டிக்குச் செய்கிறதுதானே. நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தேன். குனிந்து நிமிர முட்டி வலித்தது.

"ஏறுடா."

"அத்தை..."

"ஊருக்கா போகச் சொன்னேன்? பழத்த மட்டும் நசுக்கு. அதுக்கு மேல ஒரு அடி நகர வேணாம். நசுக்காமப் போனா ஆகாது."

ஏறினான். கை அப்போதே ஆட ஆரம்பித்துவிட்டது. மன்னிச்சுக்கடா என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, அந்தப் பழக்கம் கிடையாது. குனிந்தேன். அந்த பெல்ட்டை இழுத்து அவன் மார்புக்குக் குறுக்கே கொண்டுபோனேன். சொருகுகிற இடம் எனக்குப் பிடிபடவில்லை. அவன் என் விரலைப் பிடித்து வழிகாட்டினான். டக் என்று மாட்டிக்கொண்டது. தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தேன்.

அவன் சாவியைத் திருகினான். வண்டி உயிர் பெற்று அரை அடி உருண்டது. "மூணுதான் நசுங்குச்சு, அத்தை. பின்னாடி இடது பக்கம் இல்ல" என்றான். இறங்கிப் பார்த்தால் அப்படியே! அந்தப் பழம் மட்டும் உருண்டு ஓடிப்போயிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து இவனுக்கு எப்படித் தெரிந்தது? வண்டியின் அசைவை இடுப்பே சொல்லுமாம். அதை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு ஏறினேன். மறுபடி உருட்டினான். நசுங்கியது. வண்டி நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

காரைக்கால் பக்கம் போகாமல் குறுக்கு ரோட்டில் திருப்பினான். குரும்பகரம் பக்கமாகப் போய், சுற்றிக்கொண்டு நெல் காய்கிற அந்த ரோட்டில் ஏறி, மறுபடி கோயில் வாசல். முள் நாற்பதைத் தாண்டவே இல்லை. பனிக்குள் ரோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, வண்டி மிதந்துகொண்டு போகிற மாதிரி இருந்தது. கோயில் வாசலில் அவன் என்னைப் பார்த்தான். "இன்னொரு சுத்து" என்றேன்.

முதல் சுற்றில் குளம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. இரண்டாவதில் அந்த வெள்ளைக்குள் ஒரு கொக்கு. மூன்றாவதில் கொக்கு இல்லை, தண்ணீர் இருந்தது, தண்ணீரில் சூரியன் இருந்தது. அங்கேயும் இப்படித்தான் என்றான். ஒரே வளைவுக்குச் சாயங்காலம் ஒரு முகம், விடிகாலை ஒரு முகம். ஒரு திருப்பத்தில் யாரோ ஓரமாகக் கூடாரம் போட்டு ரொட்டி சுடுவார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வாசனை வரும், அடுத்த தடவையும் வருமா என்று மனசு காத்துக்கொண்டிருக்கும். என் பழைய கேலிக்கு இத்தனை வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது. 

நெல் கிண்டுகிற பெண் முதல் தடவை முறைத்தாள். அடுத்த தடவை சிரித்தாள். மூன்றாவது தடவை, "என்ன ஆத்தா, வழி தெரியாம சுத்துறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லடி, பந்தயம் ஓட்டுறோம்!"

"ரெண்டாவதா வர்ற வண்டியக் காணுமே!"

பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரிக்கிறான். நடுக்கம் எந்தச் சுற்றில் நின்றது என்று எனக்குத் தெரியாது. நாலாவது சுற்றில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தான். நான் பார்க்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் டிரைவர் முகம் கழுவிக்கொண்டு நின்றார். "எங்க போயிருந்தீங்க?" என்றார். "எங்கயும் போவல. இங்கதான் இருந்தோம்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நசுங்கின எலுமிச்சையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அவன் சங்கிலியைத் தொட்டு, "இத என்ன செய்ய அத்தை?" என்று கேட்டான். "எப்பவும் போல அந்தப் பெரியவர்கிட்ட குடு. நல்ல பையாப் பார்த்துப் போட்டுக்கச் சொல்லு" என்றேன். பந்தயத்துக்கு வருகிறேன் என்று மாதம் முடிகிறதுக்குள் அங்கே சொல்லிவிட்டானாம், தம்பி போன் பண்ணினான்.

இப்போதெல்லாம் பந்தயம் என்றால் மாடிப் பெண் போனோடு கீழே வந்துவிடுகிறாள். எனக்குக் கார்கள் எல்லாம் ஒன்று போலத்தான் தெரிகின்றன, எது அவனுடையது என்று அவள்தான் காட்டித் தர வேண்டும். ஆனால் வண்டியில் ஏறுகிறதுக்கு முன்னால் அவன் கை கழுத்துக்குப் போகும்போது மட்டும் யாரும் சொல்லித் தர வேண்டாம். அவன் சங்கிலியைக் கழற்றும்போதெல்லாம் என் கழுத்திலிருந்துதான் ஏதோ ஒரு பாரம் இறங்குகிற மாதிரி இருக்கிறது.